பத்து லட்சம்னு எவம்லே எண்ணினான்?

ஏல மக்கா, இங்கன வந்து உக்காரு. புராஜெக்ட்டு முடிஞ்சிட்டாமே? ஒங்கம்மா சொன்னா. ராத்திரி சாப்பிட்ட கையோட லேப்டாப்பைத் தொறந்தவன், கடைசி வாஷி வண்டி போறதுக்குள்ள நாப்பது பக்கத்தை முடிச்சு, பைண்டிங்குக்கும் சொல்லியாச்சாம். நல்லது. அந்தக் காலத்துப் புள்ளைய இதே நாப்பது பக்கத்துக்கு மாசக்கணக்கா லைப்ரரியில கெடந்து தூசியில தும்மிக்கிட்டு இருப்பானுவ. விவரம் பத்தாத பயலுவ.

'தாராவித் தமிழர்: வாழ்வும் வரலாறும்.' தலைப்பு எடுப்பா இருக்கு. பாதி ஆயுசைத் தாராவியில கழிச்சுட்டு, ஒங்கப்பன் மைண்ட்ஸ்பேஸ்ல வேலைக்குச் சேந்து ஐரோலியில வீடு பிடிச்ச பொறவுதான் நான் பாலத்தைத் தாண்டினேன். எனக்குப் பிடிபடாத வாழ்வும் வரலாறும் ஒனக்கு ஒரு ராத்திரியில பிடிபட்டுட்டுன்னா, நீ பெரிய ஆளுதாம்லே.

மொத வரியை வாசிக்கேன், கேளு. 'ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதியான தாராவியில் பத்து லட்சம் மக்கள் வாழ்கிறார்கள்.' அடேயப்பா! பத்து லட்சம். எவம்லே எண்ணினான்?

'எல்லாரும் அப்பிடித்தான் போட்டிருக்காங்க தாத்தா'ங்கே. சரி. எல்லாரும்னா யாரு? நீ பாத்த பக்கத்துல ஒருத்தன் போட்டிருக்கான். அவன் ஒரு பத்திரிகையைப் பாத்துப் போட்டான். பத்திரிகைக்காரன் போன வருஷத்துப் பத்திரிகையைப் பாத்துப் போட்டான். அந்த மொதல் ஆளு யாருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது.

ஒங்க அத்தைக்கு மாப்பிள்ளை பாத்த கதை ஒனக்குத் தெரியாது. செம்பூர்ல இருந்து ஒரு வரன் வந்துச்சு. பையன் பெரிய கம்பெனியில இஞ்சினீயர்னு நாலு பேரு வந்து சொன்னாவ. ஒங்க பாட்டி அன்னைக்கே பாயாசம் வச்சுட்டா. நான் மெதுவா அந்த நாலு பேருகிட்டயும் 'ஒமக்கு யாரு சொன்னா?'ன்னு கேட்டேன். நாலு பேருக்கும் சொன்னது அந்தத் தரகன்தான். வாயி நாலு, நாக்கு ஒண்ணு. பொறவு கம்பெனி கேட்டுக்கு எதிர்த்தாப்புல டீக்கடை வச்சிருக்கிற மலையாளத்தான்கிட்ட கேட்டேன், அவங்க சால்ல கீழ்வீட்டு மராத்திக்காரம்மாகிட்ட கேட்டேன். இந்த ரெண்டு பேருக்கும் தரகனைத் தெரியாது, கல்யாணம் நடந்தா அவியளுக்கு ஒரு பைசா லாபமும் இல்ல. அவிய சொன்னதுதான் சொல்லு. என்ன சொன்னாவங்கிறது ஒனக்கு வேண்டாம். ஒங்க அத்தை இப்ப வேற ஒருத்தரோட நல்லா இருக்கா.

பொண்ணு குடுக்கறதுக்கு முந்தி விசாரிக்கிற அந்த விசாரிப்புதாம்லே லைப்ரரியில நடக்கிற வேலை பூராவும். யாரு சொன்னா, அவனுக்கு எப்பிடித் தெரியும், சொல்லுறதுல அவனுக்கு என்ன லாபம், அவனோட ஒட்டு உறவு இல்லாத இன்னொருத்தன் அதையே சொல்லுதானா. இதைத்தான் ஒங்க வாத்தியாருமாரு 'ரிசர்ச் மெத்தடாலஜி'ன்னு ஒரு பேப்பரா வச்சு, அதுக்கும் ஒரு கைடு போட்டு, அந்தக் கைடை நீங்க மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வாறிய.

இப்ப ஒன் பத்து லட்சத்தை விசாரிப்போம். தாராவியில ஆளு அதிகம்னு சொன்னா யாருக்கு லாபம்? வெள்ளைக்காரனைக் கூட்டிட்டு வந்து சந்து சந்தாச் சுத்திக் காட்டுறவனுக்கு லாபம். சினிமா எடுக்கறவனுக்கு லாபம். நிதி கேக்கற சங்கத்துக்கு லாபம். ஆளு கம்மின்னு சொன்னா? இடிச்சுட்டு வீடு கட்டிக் குடுக்க வேண்டியவனுக்கு, குடுக்க வேண்டிய வீடு கொறையும். ஆக ரெண்டு பக்கமும் தரகனுவதான். அப்ப டீக்கடைக்காரன் யாரு? சென்சஸ்காரன்.

2011 சென்சஸை எடுத்துப் பாரு. வார்டு வாரியாக் கணக்கு இருக்கு. தாராவி கெடக்கிறது ஜி நார்த் வார்டுல. அந்த வார்டுல தாதரும் இருக்கு, மாஹிமும் இருக்கு. மூணு ஊரையும் சேத்து வார்டு பூரா 6 லட்சம் பக்கம். மூணும் சேந்தே 6 லட்சம்னா, அதுல ஒரு மூலையில, இரண்டரை சதுர கிலோமீட்டர் கூட வராத இடத்துல 10 லட்சம் பேரு எப்பிடிலே படுத்து எந்திரிக்கிறது? தாதர்க்காரன் மாஹிம்க்காரன் எல்லாம் கணக்குல மைனஸ்ல இருந்தாத்தான் உண்டு.

பொறு. ஒடனே 'சென்சஸ் சொன்னதே வேதம்'னு குதிக்காத. நான் அங்கன இருந்தவன். கீழ பட்டறை, மேல வீடு, அதுக்கு மேல தகரத்தைப் போட்டு இன்னொரு வாடகைக்காரன். இரும்பு ஏணியில கயித்தைப் பிடிச்சு ஏறணும். பட்டறையிலயே வேலை பாத்து அங்கயே சுருண்டு படுக்கிற பீகார்ப் பயலுவளை எந்தக் கார்டுலயும் காணாது. கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா சேலையோட அந்த ஏணி ஏறிப் பாத்தாவளா, கீழ நின்னே 'மேல எத்தனை பேரு?'ன்னு கேட்டு எழுதிட்டுப் போனாவளா? 2021-ல எடுக்க வேண்டிய சென்சஸை அந்த வருஷம் எடுக்கவும் இல்ல. அதனாலதான் 3 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் ஆளுக்கொரு கணக்கு ஓடுது.

ஆக நீ எழுத வேண்டியது 'பத்து லட்சம்' இல்ல. இன்னார் இவ்வளவுங்காரு, இன்னார் இவ்வளவுங்காரு, வித்தியாசம் வாறதுக்குக் காரணம் இதுன்னு எழுதணும். ஒரு வரி ரெண்டு பக்கமா நீளும். வாத்தியாரு அந்த ரெண்டு பக்கத்துக்குத்தான் மார்க்கு போடுவாரு. போடலைன்னா அவரும் நீ பாத்த பக்கத்தைத்தான் பாத்திருக்காருன்னு அர்த்தம்.

'ஆசியாவின் மிகப்பெரிய'ங்கிறதும் அதே கதைதான். கராச்சியில ஒராங்கின்னு ஒரு இடம் இருக்கு, அது இதைவிடப் பெருசும்பாவ. கல்பனா சர்மா 2000-ல தாராவியைப் பத்தி ஒரு புஸ்தகம் எழுதினாவ. அதோட துணைத்தலைப்புலயே 'ஆசியாவின் மிகப்பெரிய சேரி' வந்துட்டு. உள்ள பூராவும் அங்கன வாழுற சனங்களோட கதை, உழைப்பு. ஆனா உள்ள போனவன் கொஞ்சம், அட்டையைப் பாத்து எழுதினவன் அதிகம்.

'எட்டாங் கிளாசு படிச்ச தாத்தாவுக்கு இதெல்லாம் எங்கேர்ந்து?'ன்னு நெனைக்கே. மூஞ்சியில எழுதியிருக்கு. ஃபோர்ட்ல ஒரு காலேஜு லைப்ரரியில அட்டெண்டரா இருந்தேன்லா? பி.ஏ., எம்.ஏ.ன்னு எத்தனை பேரு அந்தப் புஸ்தகங்களைப் படிச்சாவளோ தெரியாது, எல்லாத்தையும் தூக்கினவன் நான் ஒருத்தன்தான். தூக்குறவனுக்குத் தெரியும், எந்தப் புஸ்தகம் வெளிய போவுது, எது தூங்குது, எதைத் தேடி வாறவன் என்ன கேட்டு வாறான்னு.

கேக்கறதுலதாம்லே இருக்கு விஷயம். கவுண்டருக்கு ஒருத்தன் வருவான், 'மேடம், பாம்பே ஸ்லம் புக்கு இருக்கா?' மேடம் தலையைத் தூக்காமலே ஒரு அலமாரியைக் காட்டுவாவ. இன்னொருத்தி வந்தா. 'மேடம், சுதந்திரத்துக்கு முந்தி திருநெல்வேலிச் சீமையில இருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்தவங்களைப் பத்தி எங்க ஆரம்பிக்கலாம்?' மேடம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு நாற்காலியை விட்டு எந்திரிச்சாவ. அன்னைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்குத்தான். கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் அத்தனை நடை. 'தாராவி'ங்கிறது கேள்வி இல்லடே, அது பஸ் ஸ்டாப்பு. எந்தக் காலம், எந்தச் சனம், எந்தத் தொழில், அதுல என்ன தெரியணும்னு நாலும் சேந்தாத்தான் லைப்ரரியன் வாய் தொறக்கும். அவிய படிச்ச படிப்பே அதுக்குத்தான். நீ போயி கேக்கலைன்னா அவிய பாவம் ஃபைன் வசூல் பண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாவ.

அப்ப எல்லாம் கேட்டலாக் கார்டு. மூணுக்கு அஞ்சு இஞ்சு அட்டை, அடியில ஒரு ஓட்டை, டிராயர் நீளத்துக்கும் அந்த ஓட்டை வழியா ஒரு இரும்புக் கம்பி. ஒன்னை மாதிரி ஆளுவ உருவிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் கம்பி. ஒரு புஸ்தகத்துக்கு ஆசிரியர் பேருல ஒரு கார்டு, தலைப்புல ஒண்ணு, பொருள்ல ஒண்ணோ ரெண்டோ. இப்ப அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி 'ஓபேக்'குங்காவ. நீ என்ன செய்யுதே? தலைப்புக் கட்டத்துல 'தாராவி'ன்னு தட்டுதே, மூணு புஸ்தகம் வருது, 'இவ்வளவுதான் தாத்தா'ங்கே. பொருள்னு ஒரு கட்டம் அங்கனயே கெடக்கே, அது என்ன அழகுக்கா? ஒரு நல்ல புஸ்தகம் சிக்கினா அதோட விவரப் பக்கத்தைத் தொற. எந்தப் பொருள் தலைப்புல அதைப் போட்டிருக்காவன்னு பாரு. அந்தத் தலைப்பைத் தட்டு. கூடப் பொறந்ததெல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

பொறவு நம்பர். 1876-ல ட்யூயின்னு ஒரு அமெரிக்கக்காரன் லோகத்துல இருக்கிற அறிவை எல்லாம் ஆயிரம் கட்டமாப் பிரிச்சான். ஒன் தாராவி அதுல ஒரே அலமாரியில இருக்கும்னு நெனைக்காத. குடிசைப் பகுதின்னா 307. சாதின்னா 305. கூலிக்காரன்னா 331. தோல் பதனிடுறதுன்னா 675. பம்பாய்ச் சரித்திரம்னா 954. தாராவியில பொறந்த பய எவனாவது தமிழ்ல கதை எழுதியிருந்தா 894.811. எங்க ஒரு சந்து, லைப்ரரியில ஆறு அலமாரி. ஒவ்வொண்ணுலயும் நம்பரைத் தேடிப் போனா அந்த ஒரு புஸ்தகத்தை உருவிட்டு ஓடி வந்துராத. எடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு பாரு. தேடி வந்த புஸ்தகத்தைவிட, தேடாம பக்கத்துல நின்னதுதான் நெறையப் பேருக்குக் கைகுடுத்திருக்கு. நான் பாத்திருக்கேன்.

எடுத்ததை நீயே திருப்பிச் சொருகாத. மேசையிலயே போட்டுட்டு வா. தப்பான எடத்துல சொருகின புஸ்தகம் தொலைஞ்ச புஸ்தகம்தான். இதுல பரீட்சை நேரத்துல சில கெட்டிக்காரனுவ வேணும்னே செய்வானுவ. காமர்ஸ் புஸ்தகத்தைக் கொண்டுபோயி மண்ணியல் அலமாரிக்குப் பின்னால சொருகி வைப்பான், வேற எவனும் எடுத்துரக் கூடாதாம். நாலு நாள் கழிச்சு, எங்க வச்சோம்னு மறந்துபோயி, என்கிட்டயே வந்து கேப்பான். நானும் தெரியாத மாதிரி ஒரு மணி நேரம் தேட விட்டுட்டுத்தான் எடுத்துக் குடுப்பேன். அரசாங்கச் சம்பளமா என்ன, இந்த மாதிரி சந்தோஷமும் வேணும்லா.

இந்த லைப்ரரி வித்தையைச் சாத்திரமாக்கினவரே நம்ம சீர்காழிக்காரரு, ரங்கநாதன். கணக்கு வாத்தியாரு. 1924-ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியனாப் போட்டாவ. போன கொஞ்ச நாள்லயே, 'இங்க பேச ஆளில்ல, கணக்குச் சொல்லிக் குடுக்கவே என்னைத் திருப்பி அனுப்புங்க'ன்னு கெஞ்சியிருக்காரு. லண்டனுக்குப் படிக்க அனுப்பினாவ. அங்க லைப்ரரியை ஊர்ச் சனம் எப்பிடிப் பயன்படுத்துதுன்னு பாத்தாரு, மனசு மாறிட்டு. 1931-ல அஞ்சு விதி எழுதினாரு. அதுல நாலாவது, படிக்க வாறவன் நேரத்தை மிச்சப்படுத்துங்கிறது. நீ என்ன நெனைக்கே, ஒரே ராத்திரியில நாப்பது பக்கம் எழுதினவனுக்குத்தான் அந்த விதி பொருந்தும்னு. அவரு சொன்னது வாசல் தாண்டி உள்ள வந்தவன் நேரத்தைடே.

சரி, பெரிய ஆளுவ கதை பேசினா ஒனக்குக் கொட்டாவி வருது. ஒன் வயசுப் பையன் கதை ஒண்ணு சொல்லுதேன். நம்ம ஐரோலியிலயே செக்டர் 15-ல அம்பேத்கர் நினைவிடம் கட்டி வச்சிருக்காவ. உள்ள லைப்ரரியும் இருக்கு. நீ வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்ததை ஒங்கம்மா காட்டினா. உள்ள போகலைன்னும் சொன்னா.

1916, மே 9. நியூயார்க்கு, கொலம்பியா யூனிவர்சிட்டி. மானிடவியல் வகுப்புல ஒரு மாணவன் எந்திரிச்சு ஒரு கட்டுரை வாசிக்கான். இந்தியாவுல சாதி எப்பிடி வந்துச்சு, எப்பிடி ஓடுதுன்னு. வயசு 25. நீ ரெண்டு அரியர் முடிச்சா அந்த வயசுதான் ஆவும். அவரு நெனைச்சிருந்தா, 'நான் அனுபவிச்சவன், எனக்கு எவன் சொல்லணும்?'னு ஆரம்பிச்சிருக்கலாம். வகுப்புல ஒருத்தனும் எதிர்த்து வாய் தொறந்திருக்க முடியாது. ஆனா என்ன செஞ்சாரு? அவருக்கு முந்தி சாதிக்கு இலக்கணம் சொன்ன நாலு பேரை வரிசையா நிறுத்தினாரு. செனார்னு ஒரு பிரெஞ்சுக்காரன், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லின்னு ரெண்டு இங்கிலீஷ்காரன், நம்மூரு கேத்கர். இவரு இன்னது சொன்னாரு, அதுல இது சரி, இது விட்டுப்போச்சு. அடுத்தவரு இன்னது சொன்னாரு, அதுல இது தேறும், இது தேறாது. நாலையும் சலிச்ச பொறவுதான் தன் சொல்லை வைக்காரு: சாதியோட உசிரு சாதிக்குள்ளயே கல்யாணம் கட்டுறதுல இருக்குன்னு. கேத்கர் புஸ்தகம் 1909-ல வந்தது, அப்ப அது புதுசு. அதையும் தேடிப் பிடிச்சிருக்காரு பாத்தியா? அடுத்த வருஷமே அந்த வகுப்புக் கட்டுரையைப் பத்திரிகையில போட்டாவ. நூறு வருஷம் தாண்டி இன்னும் படிக்காவ.

ஒன் புராஜெக்ட்டுல ரெண்டாம் அத்தியாயம் 'முந்தைய ஆய்வுகள்'னு ஒண்ணு வச்சிருக்கேல்லா? பதினோரு பேரைப் போட்டு, 'இவர் இவ்வாறு கூறுகிறார், அவர் அவ்வாறு கூறுகிறார்'னு கல்யாணத்துல மொய் வாசிக்கிற மாதிரி வாசிச்சிருக்கே. நீ என்ன சொல்லுதேன்னு ஒரு எடத்துலயும் காணோம். அந்த 25 வயசுப் பையன் செஞ்சதைப் பாரு: நாலே பேரு, நாலு பேருகிட்டயும் சண்டை.

அம்பேத்கருக்குப் புஸ்தகப் பைத்தியம். வெளிநாட்டுல வாங்கிச் சேத்ததைக் கப்பல்ல ஏத்தி அனுப்பினா, 1917-ல சண்டையில கப்பலை முழுகடிச்சுட்டானுவ. அந்த வலியோ என்னவோ, பொறவு தாதர் இந்து காலனியில வீடு கட்டும்போது புஸ்தகத்துக்குன்னே கட்டினாரு. ராஜகிருஹம். மாட்டுங்காவுல எறங்கினாலும் நடந்துரலாம். ஒங்கப்பன் இங்க வீடு வாங்கும்போது மாடுலர் கிச்சனுக்கு எத்தனை அடின்னு அளந்தான், அலமாரிக்கு எத்தனைன்னு நான் கேட்டேன், சிரிச்சான்.

இன்னொரு சூட்சுமம் சொல்லித் தாறேன், ஒங்க காலேஜுல பாதிப்பேருக்குத் தெரியாது. புஸ்தகத்தைப் பின்னால இருந்து வாசி. கடைசியில இருக்கிற நூல் பட்டியல், பக்கத்துக்கு அடியில இருக்கிற குறிப்பு, அதுதான் சமையக்கட்டு. அவன் எங்கேர்ந்து எடுத்தான்னு அங்கதான் தெரியும். ஒரு அடிக்குறிப்பைப் பிடிச்சா அது இன்னொரு புஸ்தகத்துக்குக் கொண்டுபோவும், அது 1909-ல வந்த பம்பாய் கெசட்டியர்ல கொண்டுபோயி விடும். அதுல தாராவியைக் கோளிவாடான்னு போட்டிருக்கும், மீன்பிடிக்கிற கோளிச் சனத்தோட குடியிருப்பு. 'தமிழர் உருவாக்கிய தாராவி'ன்னு நீ மூணாம் அத்தியாயத்துல முழங்கியிருக்கியே, கோளிக்காரன் வாசிச்சா வலையைத் தூக்கிட்டு வருவான். சும்மா ஓசியில பிஹெச்டி புஸ்தகங்களைப் பாக்கணும்னா ஷோத்கங்கான்னு காந்திநகர்ல வச்சு நடத்துதாவ, வீட்டுல இருந்தே பாக்கலாம். அதுலயும் மொதல்ல கடைசிப் பக்கங்களைத் தொற. நடுவுல இருக்கிறதை நம்புறதா வேண்டாமாங்கிறதை அதைப் பாத்தே முடிவு பண்ணிரலாம்.

தேடும்போது பழைய பேருல தேடுடே. ஊரு பேரை மாத்தினதே 1995-லதான். அதுக்கு முந்தின புஸ்தகம் பூராவும் 'பாம்பே'. நீ 'மும்பை'ன்னு மட்டும் தட்டினா பாதி லைப்ரரி பூட்டியே கெடக்கும். நம்ம ஊரையும் வெள்ளைக்காரன் 'டின்னவெல்லி'ன்னுதான் எழுதினான். நம்ம சனத்தைத் 'தமிழர்'னு எவன் எழுதினான் அப்ப? 'மதராசி'. 1966-ல சிவசேனா நம்ம ஆளுவ மேல பாஞ்ச காலத்துக் காகிதத்தைத் தேடினா 'சவுத் இந்தியன்'னு தட்டணும். நம்மளைத் திட்டினவன் என்ன பேரு வச்சுத் திட்டினானோ, அந்தப் பேருலதான் நாம ஆவணத்துல கெடக்கோம்.

இப்ப நூல் பட்டியலுக்கு வாறேன். எட்டாம் நம்பர்ல ஒரு புஸ்தகம் போட்டிருக்கே. தலைப்பு பிரமாதம். ஒங்கப்பன் போனை வாங்கி வேர்ல்ட்கேட்ல தட்டினேன். ஏல, முழிக்காத, எனக்கும் தெரியும். லோகத்துல பல நாட்டு லைப்ரரிக் கணக்கும் அதுல கெடக்கு. இல்ல. பதிப்பகத்துப் பேரைத் தட்டினேன். அப்பிடி ஒரு பதிப்பகமும் இல்ல. இருக்கிற எடமே தெரியாத புஸ்தகத்துல 142-ம் பக்கத்தை மேற்கோள் காட்டியிருக்கே பாரு, அந்தத் தைரியம் எனக்கு வராது. கம்ப்யூட்டர்ல பேசுற பொம்மை சொல்லிச்சா? அது கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லாது, வெக்கப்படும். நியூயார்க்குல 2023-ல ஒரு வக்கீலு இப்பிடித்தான் அது சொன்ன வழக்குகளை எல்லாம் கோர்ட்டுல எழுதிக் குடுத்தான். ஜட்ஜு தேடினா, அப்பிடி வழக்கே நடக்கல. 5,000 டாலர் அபராதம். அவனுக்காவது வக்கீல் ஃபீஸு வரும். நீ அபராதம் கட்டணும்னா ஒங்கம்மா சுருக்குப் பையைத்தான் அவுக்கணும்.

அஞ்சாம் அத்தியாயம் அப்பிடியே இன்னொருத்தன்து. நடுவுல 'மக்கள்'ங்கிறதை 'சனங்கள்'னு மாத்தியிருக்கே, 'ஆகவே'யை 'எனவே'ன்னு மாத்தியிருக்கே. நல்ல உழைப்பு. யூஜிசி 2018-ல சட்டமே போட்டிருக்கு. ஆய்வேடு 10 சதவீதத்துக்கு மேல அடுத்தவன் எழுத்தோட ஒத்துப்போனா திருத்திக் கொண்டாம்பான், 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. ஒனக்கு இன்னும் அவ்வளவு தூரம் வரல. வரும்போது இந்தப் பழக்கமும் கூடவே வந்துரும், அதான் பயம்.

நேர்ல போடே. டவுன்ஹால் இருக்குல்லா, ஹார்னிமன் சர்க்கிள் எதுத்தாப்புல, பெரிய பெரிய தூணு, ஏறிப்போக அகலமா முப்பது படி. 1833-ல கட்டி முடிச்சது. படியில உக்காந்து போட்டோ எடுக்காத பொண்ணு மாப்பிள்ளை பம்பாய்லயே கெடையாது. உள்ள ஏசியாட்டிக் சொசைட்டி, 1804-ல ஆரம்பிச்ச சங்கம். அதே கட்டடத்துல மாநில மத்திய நூலகம். இந்தியாவுல அச்சாவுற புஸ்தகத்துல ஒவ்வொரு பிரதியை நாலு லைப்ரரிக்கு அனுப்பணும்னு 1954-ல சட்டம் போட்டாவ. அந்த நாலுல ஒண்ணு இங்கன, ஒண்ணு மெட்ராசுல கன்னிமாரா. போகும்போது காலேஜுல ஒரு கடுதாசி வாங்கிக்கோ, ஐ.டி. கார்டை எடுத்துக்கோ, பென்சில் கொண்டுபோ. பழைய புஸ்தகத்துக்குப் பக்கத்துல பேனாவைத் தொறந்தா எந்த லைப்ரரிக்காரனுக்கும் பிடிக்காது. எடுக்கிற ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில புஸ்தகம், வருஷம், பக்கம் எழுதிட்டு மத்ததை எழுது. பொறவு எழுதிக்கலாம்னு விட்டவனுவ ராவோட ராவா என்னை எழுப்பி, 'அண்ணே, அந்தச் செவப்பு அட்டைப் புஸ்தகம்'னு கேட்டிருக்கானுவ. செவப்பு அட்டை எத்தனை இருக்கும்னு எண்ணிப் பாத்தியா?

தமிழ்ல வந்தது வேணும்னா தரமணியில ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர்க்காரரு. விளம்பரப் பலகை எழுதிப் பொழைச்ச மனுசன், கெடைச்ச புஸ்தகம் மட்டுமில்ல, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகைன்னு ஒண்ணு விடாமச் சேத்தாரு. 1992-ல அவரு போன பொறவு, சிகாகோ யூனிவர்சிட்டி மொத்தத்தையும் விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டுலயே இருக்கட்டும்னு விட்டுச்சு. கல்யாணப் பத்திரிகையில என்ன சரித்திரம்னு கேக்கியா? யாரு யாரு வீட்டுல பொண்ணு எடுத்தா, பேருக்குப் பின்னால எந்த வருஷம் வரைக்கும் சாதிப் பட்டம் போட்டான், எப்ப விட்டான், பம்பாய்ல இருக்கிறவன் பேருல 'ரயில்வே'ன்னு போட்டிருக்கா, 'மில்லு'ன்னு போட்டிருக்கா. எல்லாம் அதுல இருக்கு. ஒங்க பாட்டியோட டிரங்குப் பெட்டியிலயும் ஒரு கட்டு கெடக்கு. பழைய பேப்பர்க்காரனுக்குப் போடணும்னு ஒங்கம்மா சொல்லிக்கிட்டே இருக்கா. ஒன் கையாலதான் அதைக் காப்பாத்தணும்.

என்கிட்டயும் கேளு. பேனாவை எடுத்து வையி, போனுல ரிக்கார்டு போடு. நான் பம்பாய்க்கு வந்தது ரயில்வே ஸ்டிரைக்கு வருஷம். இல்ல, எமர்ஜென்சிக்கு மறு மாசம். ஒண்ணு 1974, இன்னொண்ணு 1975. எதுன்னு நீதான் கண்டுபிடிக்கணும். பழைய ரேஷன் கார்டு எதுல இருக்குன்னு ஒங்கப்பன்கிட்ட கேளு, சங்கத்து ரசீதுப் புஸ்தகத்தைப் பாரு. பம்பாய் தாதா வரதா பாயை நேர்ல பாத்தேன், பேசினேன்னு ஒரு கதை சொல்லுவேன். கதை எடுப்பா இருக்கணுமேன்னு ரெண்டு சேத்தும் சொல்லுவேன். எது சேத்ததுன்னு என்கிட்ட கேக்காத. எங்க தெருவுல இன்னும் நாலு கெழடு மிச்சம் இருக்கு. தனித்தனியாப் போயி கேளு, சேத்து உக்கார வச்சுக் கேக்காத. சேந்து உக்காந்தா நாங்க நாலு பேரும் ஒரே பொய்யைச் சொல்லுவோம்.

சரி, எந்திரி. ஐரோலியில ஏறி தாணே போயி, வண்டி மாறி சி.எஸ்.எம்.டி. நாளைக்கே போறேன்னு துள்ளாத, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மெகா பிளாக்குன்னு நடுவழியில நிப்பாட்டிப் போட்டுருவான். புதன்கிழமை பாத்து, எட்டு மணிக் கூட்டம் கொறைஞ்ச பொறவு போ. அந்தப் பைண்டிங்காரனுக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு மாசம் ஆவும்னு சொல்லு. என் பேரைச் சொல்லாத, அவன் என்னைத்தான் திட்டுவான்.